நன்றியுரை, டாக்டர் கோமதி

கோமதி போய்விட்டாள் என்ற செய்தி எனக்கு ரயிலில் வந்தது. டோம்பிவிலியில் ஏறியதிலிருந்து உட்கார இடம் கிடைக்காமல், பெண்கள் பெட்டியின் கதவோரம் ஒருத்தியின் கூடைக்கும் இன்னொருத்தியின் முதுகுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. அவள் வேலை பார்த்த கருவி மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: "கோமதி மேடம் இன்று காலை மாரடைப்பில் காலமானார்." படித்தேன், மண்டையில் ஏறவில்லை. இன்னொரு தடவை படிப்பதற்குள் போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை மின்னஞ்சல். அனுப்பியவர் கோமதி. "உங்கள் கட்டுரை வெளியாகிவிட்டதா? நன்றி வாக்கியம் சேர்த்தீர்களா? பிரதி எங்கே?"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. எந்த மடையன் இப்படிப் புரளி கிளப்பினான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்கே போன் போட்டேன். எடுத்தது அவளுடைய தம்பி செல்வம். அவனுக்குப் பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. திங்கட்கிழமை காலையானால் எல்லோருக்கும் தானாகவே போகும்படி அவள் கணினியில் செய்துவைத்திருந்த மெயில் அது என்பது சயானில் இறங்கி நடைமேடையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்தச் சங்க மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவளை டாக்டர் கோமதியாகத் தெரியும். நம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் வருடா வருடம் நன்றியுரை சொல்லி, சாப்பாட்டுக்கு எழுந்து ஓடுகிறவர்களை மைக்கிலேயே அதட்டி உட்கார வைத்த அம்மா. "அவர்" என்று எழுதித்தான் ஆரம்பித்தேன். யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றி எழுதுகிற மாதிரி இருந்தது. ஆகவே "அவள்" என்றே எழுதுகிறேன், பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவஞ்சலி எழுதுகிறவர்களுக்கு இறந்தவரைப் பற்றி எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கும். எனக்கு அப்படியில்லை. அவள் என்ன நினைத்தாள், என்ன விரும்பினாள் என்று நான் குழம்பிப்போய்க் கிடக்கிறேன்.

அவளுடைய வேலை என்ன என்பது சங்கத்தில் பலருக்குத் தெரியாது. செம்பூர்ப் பக்கம் ஆராய்ச்சிக்கான பொதுக் கருவி மையம் ஒன்று இருக்கிறது. தனித்தனியாக எந்தக் கல்லூரியாலும் வாங்க முடியாத பெரிய கருவிகளை ஓர் இடத்தில் வைத்து, எல்லோரும் முறை போட்டுப் பயன்படுத்துவது. என்னைப் போலக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர்கள், ஐரோலித் தொழிற்பேட்டைக் கம்பெனிக்காரர்கள், பெரிய பெரிய ஆராய்ச்சி நிலையத்துப் பேராசிரியர்கள் எல்லோரும் அங்கே வரிசையில் நிற்க வேண்டும். அங்குள்ள எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் கோமதி பொறுப்பு. தாராவியில் பிறந்து, மாட்டுங்காவில் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, அந்த மெஷினைத் தன் வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள். பிறத்தியார் தொட்டால் அவளுக்கு முகம் சுண்டிவிடும்.

மையத்தைப் பயன்படுத்தினால் சில கட்டுப்பாடுகள் உண்டு. அங்கே எடுத்த படம் எந்தக் கட்டுரையில் வந்தாலும், கடைசியில் மையத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். சொந்தமாகச் சொல்லக்கூடாது. அவர்கள் கொடுக்கும் வாக்கியத்தை அப்படியே போட வேண்டும். அச்சானதும் ஒரு பிரதியை மையத்துக்குக் கொடுக்க வேண்டும். மையத்து விஞ்ஞானி படம் எடுத்துத் தருவதோடு நில்லாமல் ஆராய்ச்சிக்கே யோசனை கொடுத்திருந்தால், அவரையும் கட்டுரையாளராகச் சேர்க்க வேண்டும். இதெல்லாம் உலகத்தில் எல்லா இடத்திலும் இருக்கிற விதிதான். பலரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். கோமதியிடம் மட்டும் அது நடக்காது. நன்றி சொல்லாதவனுக்கு அடுத்த முறை மெஷின் கிடையாது. எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் சரி, எவரிடமிருந்து சிபாரிசு வந்தாலும் சரி.

எனக்கும் அவளுக்கும் பழக்கம் ஏற்பட்டதே இதில்தான். என் முதல் கட்டுரையில், நல்ல மனுஷியாயிற்றே, சலிக்காமல் படம் எடுத்துக் கொடுத்தாளே என்று, "டாக்டர் கோமதிக்கு மனமார்ந்த நன்றி" என்று உருகி உருகி எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"என்ன இது? யார் கேட்டா என் பேரை? எடுங்க. மெஷின் பேரைப் போடுங்க."

"நீங்கதானே மேடம் ராப்பகலா..."

"நான் சம்பளம் வாங்குதேன். எனக்கு வாய் இருக்கு, வேணும்னா நானே கேட்டு வாங்கிக்கிடுவேன். அதுக்கு வாயில்ல. வாயில்லாததுக்குத்தான் சட்டம் வேணும்."

அப்புறம் விளக்கினாள். மேலிடத்திலிருந்து ஆள் வந்து, இத்தனை பெரிய மெஷினை வைத்துக்கொண்டு என்ன கிழித்தீர்கள் என்று கேட்டால், காட்டுவதற்கு அந்த நன்றி வாக்கியங்கள்தான் உண்டு. அதை வைத்துத்தான் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். வாக்கியம் இல்லையென்றால், படமெல்லாம் ஆகாயத்திலிருந்து விழுந்தது என்றுதான் அர்த்தம். மாட்டுங்காவில் வளர்ந்த எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. அவள் அரை டம்ளர் கட்டிங் சாயா வரவழைத்துக் கொடுத்து, "கோவிச்சுக்கிடாதீங்க, மாட்டுங்காக்காரங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி" என்றாள். அந்த வருடம் முடிவதற்குள் அவளுக்கு நான் "உமா மேடம்" போய், தோழியைக் கூப்பிடுகிற "ஏளா உமா" ஆகிவிட்டேன்.

ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். மையத்தில் முதலில் இருந்த நுண்ணோக்கி பழுதாகி, பிரித்து, காயலான் கடைக்கே போய்ச் சேர்ந்தது. அதன் இடத்தில் புது மெஷின் வந்தது, புது வாக்கியமும் வந்தது. ஆனால் நம் ஆட்கள் நன்றியை யோசித்தா எழுதுகிறார்கள்? முந்தைய கட்டுரையிலிருந்து வெட்டி இங்கே ஒட்டுவதுதானே வழக்கம். அதனால் புது மெஷினில் படம் எடுத்துவிட்டு, வருடக்கணக்கில் பழைய மெஷினுக்கே நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். மையத்துக்கு வந்து பிரதி கொடுத்த ஐரோலிக் கம்பெனிக்காரர் ஒருவர் மெஷினின் பெயர்ப்பலகை கண்ணெதிரே இருக்க, தான் எழுதியதுதான் சரி என்று சாதித்தார்.

கோமதி அந்தத் தாளை வாசல் அறிவிப்புப் பலகையில் சிவப்பு மையால் வட்டம் போட்டு ஒட்டினாள். "இங்கன ஒருத்தி ராவும் பகலும் நின்னு உழைக்கா, அவளை விட்டுட்டு செத்துப்போனதுக்கு நன்றி சொல்லுதானுவ. செத்தது வந்து படிக்கவா போகுது?" என்று என்னிடம் பொருமினாள். "ஒருத்தி" என்றது மெஷினைத்தான். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இன்றைக்கு அந்தக் கேள்வி என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

என் பேர் வேண்டாம் என்று சொன்னவள் பேரே வேண்டாதவளா என்றால், அதுவும் இல்லை. ஒரு நாள் இருவரும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். டாக்ஸியை வழியில் நிறுத்தி, "ரெண்டு நிமிஷம் வா" என்று ஒரு பேராசிரியரின் அறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். ரொம்பப் பெரிய மனிதர். அவருடைய பொருளில் ஏன் படம் மங்குகிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்க இவள் மண்டையை உடைத்துக்கொண்டு காரணம் கண்டுபிடித்திருந்தாள். அச்சுக்குப் போகவிருந்த அவர் கட்டுரையில் மையத்துக்கு நன்றி இருந்தது. காற்புள்ளிகூட மாறாமல் இருந்தது. கட்டுரையாளர்களில் இவள் பெயர் இல்லை. அவர், உங்கள் வாக்கியத்தைத்தான் போட்டிருக்கிறேனே என்று இங்கிலீஷில் நெளிந்தார். இவள் இந்தியில் ஒரே பிடியாகப் பிடித்தாள். நன்றி மெஷினுக்கு, யோசித்தது யார் என்று கேட்டாள். மனிதர் வெளிறிப்போய், சேர்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "பட்டனை அமுக்குனதுக்கு நன்றி போதும்ளா. மண்டையை உடைச்சதுக்குப் பேரு வேணும். கேட்டேன், குடுத்துட்டான். கேக்காம இருந்தா ஏப்பம் விட்டிருப்பான்."

சரி, அப்படியானால் பேர் வேண்டியவள்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பிறகு ஒரு கல்லூரிக்காரர் லட்டுப் பெட்டியோடு வந்தார். மரியாதைக்காக இவள் பெயரைக் கட்டுரையில் சேர்த்துவிட்டதாகப் பல்லெல்லாம் தெரியச் சொன்னார். இவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள், பெயரை அடிக்கச் சொன்னாள். "அதுல ஒரு வரிகூட எனக்குத் தெரியாது. நாளைக்கு ஒருத்தன் எந்திரிச்சுக் கேள்வி கேட்டா நான் என்னத்தச் சொல்ல? பேரு போட்டா பதில் சொல்ல ஆளு நிக்கணும்லா? நிக்க முடியாத இடத்துல பேரை மாட்டப்படாது." லட்டை எல்லோருக்கும் கொடுத்தாள், கடைசியில் எனக்குப் பாதிதான் மிஞ்சியது.

இந்த இரண்டையும் அப்போது சும்மா கேட்டுச் சிரித்ததோடு சரி. இப்போது இரண்டும் என் தலையில் வந்து மோதிக்கொள்கின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். கடற்காற்றில் நம் ஊர்க் கட்டடங்களின் கான்கிரீட்டுக்குள் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பழைய தூண்களிலிருந்து துண்டு வெட்டி, மெருகேற்றி, கோமதியின் மெஷினில் பார்ப்போம். கம்பிக்கும் சிமெண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்துகொண்டே இருந்தது. வெட்டும்போது இரம்பத்தில் ஊற்றுகிற தண்ணீர் பட்டுப் புதிதாக வந்த துரு அது என்று நானும் என் மாணவியும் அதைத் தள்ளிவிட்டோம். கோமதிக்கு மட்டும் சமாதானமாகவில்லை.

"தண்ணியே படாம எண்ணெய் ஊத்தி வெட்டிட்டு வா. அப்பவும் கோடு இருந்துச்சுன்னா அது தண்ணியால வந்ததில்ல, உன் தூணுக்குள்ளயே இருந்தது."

"எண்ணெய்ல எவன்டி வெட்டித் தருவான்? போறும், இருக்கறதை வெச்சு எழுதிடறேன்."

"எழுது. எழுதிட்டு எங்கிட்ட வராத."

எண்ணெயில் வெட்டினோம். கோடு அப்படியே இருந்தது. துரு அங்கேதான் தொடங்குகிறது, வெளியே விரிசல் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே. இன்றைக்கு என் கட்டுரை நிற்பது அந்த ஒரு கோட்டின் மேல்தான். அந்தக் கோடு அவளுடையது. அதில் எனக்குக் குழப்பமே இல்லை.

"உன் பேரைச் சேர்க்கட்டுமா?" என்று கேட்டேன். "கடைசிப் படம் வரட்டும், அப்புறம் சொல்லுதேன். இப்ப என்ன ஜல்தி?" என்றாள். கடைசிப் படத்தை எடுத்தாள். ரொம்ப அழகான படம். அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் நான் ரயிலில் அந்தச் செய்தியைப் படித்தேன்.

சேர் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இப்போது சொல்லுங்கள், நான் என்ன செய்ய? யோசித்தது அவள், ஆகவே பேர் வேண்டும். பதில் சொல்ல அவள் இல்லை, ஆகவே பேர் கூடாது. வேண்டுமென்றால் வாய் விட்டுக் கேட்கிறவள், என்னிடம் கேட்கவில்லை. கேட்பதற்கு நேரம் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பெயரைப் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். என் மாணவி பாவம், எந்தப் பிரதி கடைசிப் பிரதி என்று அவளுக்கும் குழம்பிவிட்டது. ஆய்வுப் பத்திரிகைக்காரர்களைக் கேட்டால், ஒவ்வொரு கட்டுரையாளரும் சம்மதம் தெரிவிக்க வேண்டும், இறந்தவர் விஷயத்தில் மற்றவர்களும் குடும்பத்தாரும் முடிவு செய்யலாம் என்று எழுதினார்கள். எங்கள் துறைத் தலைவர், "போட்டுட்டுப் போங்க, யார் கேக்கப் போறா?" என்றார். கோமதி கேட்பாளே என்று வாய் வரை வந்துவிட்டது. மையத்தில், கமிட்டி கூடிப் பார்க்கலாம் என்றார்கள். மொத்தத்தில் எல்லோரும் சேர்ந்து என் தலையில் கட்டினார்கள்.

செம்பூர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோது செல்வம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். தாராவியில் அப்பா வைத்த பிளாஸ்டிக் சாமான் கடையை அவன்தான் நடத்துகிறான். கோமதி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு எல்லாமே தம்பி குடும்பம்தான்.

"அக்கா கடைசியா உங்ககூட ஏதோ பண்ணிட்டு இருந்துச்சுல்லா, அந்தப் பேப்பர்ல அக்கா பேரு வருமா?" என்று கேட்டான். "எம் மவகிட்ட காட்டணும். அத்தை அத்தைன்னு உயிரை விடுவா."

"அக்காவுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ தெரியலையேப்பா. என் பேரை எடுன்னு என்னையே திட்டியிருக்கா."

அவன் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டான். "யாரு, அக்காவா? நல்லா கேட்டீங்க போங்க. கடை போர்டுல அப்பா எம் பேரை மட்டுந்தான் எழுதச் சொன்னாரு. நான் அப்ப டிரவுசர் பையன். பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவுல உக்காந்தது அக்கா. பெயிண்டர் ஏணியில நிக்கான், இது கீழ ஏணியப் பிடிச்சுக்கிட்டு, எம் பேரை எழுதுனாத்தான் எறங்க விடுவேன்னு ஒரே கத்து. இன்னிக்கும் போர்டுல அக்கா பேருதான் முதல்ல. பேரு வேண்டாம்னா சொல்லும் அது?"

அப்பாடா, தெளிந்தது என்று எழுந்தேன். கேட் வரை வந்து வழியனுப்பியவன் தானாகவே சொன்னான்: "ஆனா ஒண்ணு மேடம். அக்காவுக்குப் பிடிக்காததை நம்ம செஞ்சிடக் கூடாது. பொறவு அது மனசு ஆறாது." எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வந்த வழியே இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குழம்பித் திரும்பினேன்.

இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, மாட்டுங்காவில் நம் சங்க மண்டபம். வந்து பேசியவர்கள் ஆளுக்கொரு கோமதியைச் சொன்னார்கள். ஒருவர் மகா கோபக்காரி என்றார், ஒருவர் அவள் கோபித்தே பார்த்ததில்லை என்றார். ஒருவர் எளிமை என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டுப் புடவைக்கு அவள் பிடித்த அடம் எனக்குத்தான் தெரியும். யாருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. நான் பேச மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் செல்வம், மடியில் மகள்.

நம் செயலாளர் ராமச்சந்திரன் மாமாதான் கூட்டத்தை நடத்தினார். எத்தனை வருடங்களாக அவர் நம் கூட்டங்களை நடத்திவருகிறார், எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே மாதிரி முடிப்பார். அன்றைக்கும் மௌன அஞ்சலி ஆயிற்று. மாமா மைக் முன்னால் வந்தார். கையில் தாள்கூட இல்லை. பழக்கம், வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"நிறைவாக, நன்றியுரை, டாக்டர் கோமதி."

காபிக்காகப் பின்வரிசையில் பாதி எழுந்தவர்கள், அந்தப் பெயரைக் கேட்டதும் பயந்து திரும்ப உட்கார்ந்தார்கள். அவள் வழக்கமாக உட்காரும் மூலை நாற்காலியை நிறையப் பேர் திரும்பிப் பார்த்தார்கள், நானும்தான். மாமாவுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, என்ன சொல்லிட்டேன், அபிஷ்டு, என்ன சொல்லிட்டேன்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். பழைய வாக்கியத்தை வெட்டி ஒட்டி, இல்லாத மெஷினுக்கு நன்றி சொன்னார்களே, அதே தப்பு. கோமதி இருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பாள்.

நான் எப்படி மேடைக்குப் போனேன் என்று தெரியாது. யாராவது அந்த மைக்கின் முன்னால் நிற்க வேண்டுமே என்றுதான் எழுந்திருப்பேன். போனபிறகு என்ன பேசுவது? அவள் எப்படி ஆரம்பிப்பாளோ அப்படியே ஆரம்பித்தேன். உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும், தலைவரையும் சிறப்பு விருந்தினரையும் கடைசியில்தான் வைப்பாள். முதலில் மைக் செட்டுக்கு, பிறகு நாற்காலிகளுக்கு, மின்விசிறிக்கு, அடுப்புக்கு. எல்லோரும் சிரிப்போம். "சிரிங்க. இதெல்லாம் வந்து எனக்கு நன்றி சொல்லலையேன்னு உங்ககிட்ட கேக்குமா? வாயில்லாததுக்குத்தான் முதல்ல" என்பாள்.

மைக் செட்டுக்கு நன்றி சொன்னேன். நாற்காலிகளுக்குச் சொன்னேன். மின்விசிறிக்குச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்து என்ன என்று தேடியபோது செல்வத்தின் மகள் என்னையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்புறம்" என்றேன்.

"அப்புறம் கோமதிக்கு. நன்றி சொன்னா அவளுக்குப் பிடிக்காது. எனக்கு வாய் இருக்கு, வேணும்னா நானே கேட்டு வாங்கிப்பேன்னு சொல்லுவா. வாய் இருந்த வரைக்கும் கேட்டும் வாங்கிண்டா. இப்போ..." அந்த மைக்கும் நாற்காலியும் மின்விசிறியும் இருக்கிற இடத்துக்கு அவளும் போய்விட்டாள் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. ரயிலில் படித்த செய்தி அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்களேன். "இப்போ அவளுக்கும் வாயில்லை. அதனால அவ போட்ட சட்டம் இனிமே அவளுக்கும்தான். செல்வம், உங்க அக்கா பேர் வரும்."

கட்டுரையை அனுப்பிவிட்டேன். கோமதியின் பெயர் கட்டுரையாளர் பெயர்களில் ஒன்றாக இருக்கிறது, பக்கத்தில் இறந்தவர்களுக்குப் போடும் சிறு குறியோடு. கடைசியில் அவளுடைய நன்றி வாக்கியம் இருக்கிறது, புது மெஷினின் பெயரோடு, ஒரு புள்ளி மாறாமல். பேர் போட்டால் பதில் சொல்ல ஆள் நிற்க வேண்டும் என்றாளே, அதற்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: படங்களைப் பற்றிய கேள்விகளை உமாவிடம் கேட்கவும். அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது இதைத்தான். அவளைக் கேட்க வேண்டிய கேள்விகள் இனி என்னுடையவை. எண்ணெயில் வெட்டிய துண்டு என் மேஜையில் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன், நின்று பதில் சொல்லுவேன்.

நான் செய்தது சரியா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏசியிருப்பாளோ, சாயா வாங்கிக் கொடுத்திருப்பாளோ. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யக்கூடியவள் அவள்.

திங்கட்கிழமை மெயில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. நிறுத்திவிடட்டுமா என்று மையத்துக்காரர்கள் குழுவில் கேட்டார்கள். ஒருவர்கூடப் பதில் போடவில்லை, நானும் போடவில்லை. இந்த வாரமும் ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். கட்டுரை வெளியாகிவிட்டதா? சீக்கிரம் வந்துவிடும், கோமதி. நன்றி வாக்கியம் சேர்த்தீர்களா? சேர்த்தாச்சு. பிரதி எங்கே? அச்சானதும் செல்வத்தின் மகளுக்கு ஒன்று, மையத்துக்கு ஒன்று. மூன்றாவதாக ஒன்று எடுத்து வைப்பேன். அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று மட்டும் எனக்கு யாராவது சொல்லுங்கள்.